பேர்னுக்குப் போக வேண்டிய பத்திரங்கள்: யாழ்ப்பாணத்து ஆவண நிலையங்கள் இரண்டைப் பற்றிய மதிப்பீடு

27 ஆண்டுகளாகச் சுவிற்சர்லாந்தின் பேர்ன் மாநிலத்தில் வாழும் என் அக்கா அந்நாட்டுப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கத் தீர்மானித்தபோது, அங்கே செய்ய வேண்டியவற்றை அவர் பார்த்துக்கொண்டார். இங்கே செய்ய வேண்டியவை என் பொறுப்பாயின. புதிதாக எடுத்த பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், விவாகப் பதிவு அத்தாட்சிப் பத்திரம், இரண்டினதும் ஆங்கில மொழிபெயர்ப்பு, அவற்றுக்கு வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் உறுதிப்படுத்தல் ஆகிய நான்கும் கேட்பதற்குச் சிறிய வேலைகளே. ஆயினும் அவற்றுக்காக எனக்கு ஏழு மாதங்கள் சென்றன. அதற்குள் இரண்டு ஆவண நிலையங்களின் வேலையைப் பக்கத்திலிருந்து பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. ஒன்றில் குறைகளே மிகுதியாக இருந்தன. மற்றதிலும் குறைகள் உண்டு. ஆகவே இரண்டின் பெயரையும் இங்கே எழுதவில்லை. வெளிநாட்டில் நீண்ட காலம் வாழ்ந்து பிரஜாவுரிமை கோருகின்ற உறவினருக்காக யாழ்ப்பாணத்தில் அலையப்போகிறவர்கள், ஒரு நிலையத்தின் வாசலில் நின்று எதைப் பார்த்து அதை நம்பலாம் என்பதை அறிந்துகொள்ள இந்த மதிப்பீடு உதவ வேண்டும் என்பதே என் விருப்பம்.

சுவிற்சர்லாந்தின் நடைமுறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது விளங்காவிட்டால் இங்குள்ள பத்திரங்களின் கனம் விளங்காது. 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தின்படி, சாதாரண வழியில் பிரஜாவுரிமை கோருபவர் அந்நாட்டில் 10 ஆண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டும். அவற்றில் 3 ஆண்டுகள் விண்ணப்பத்துக்கு முந்திய 5 ஆண்டுகளுக்குள் அமைந்திருக்க வேண்டும். கையில் நிரந்தர வதிவிட அனுமதியான சி பெர்மிட் இருக்க வேண்டும். 8 வயதுக்கும் 18 வயதுக்கும் இடையில் வாழ்ந்த ஆண்டுகள் இரட்டிப்பாகக் கணக்கிடப்படும். தற்காலிக அனுமதியான எஃப் பெர்மிட்டில் இருந்த காலம் பாதியாகவே சேரும். அகதி விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போது தரப்படும் ‘என்’ (N) பெர்மிட்டில் கழிந்த காலம் சேரவே சேராது. எம்மவர்களில் பலர் இந்த இரண்டு பெர்மிட்டுகளிலும் இளமையின் பெரும்பகுதியைக் கழித்தவர்கள் என்பதால், இந்தக் கணக்கை அறியாமல் ஆண்டுகளை எண்ணிக்கொண்டிருப்போர் ஏமாற்றமடைவதுண்டு. விண்ணப்பம் ஊராட்சி, மாநிலம், கூட்டாட்சி என்ற மூன்று மட்டங்களின் இணக்கத்தையும் பெற வேண்டும். ஐரோப்பிய மொழி அளவுகோலில் பேச்சில் பி1, எழுத்தில் ஏ2 என்ற நிலைத் தேர்ச்சி வேண்டும். சமூக உதவிப் பணம் பெற்றவர்கள் குறித்துப் பேர்ன் மாநிலம் மிகவும் கண்டிப்பானது. கூட்டாட்சிச் சட்டம் கடைசி 3 ஆண்டுகளைப் பார்க்கையில், பேர்ன் 10 ஆண்டுகளைப் பார்க்கிறது.

இத்தனையையும் அக்கா எப்போதோ தாண்டிவிட்டார். சி பெர்மிட் கிடைத்துப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறார். மொழித் தேர்வை முதற்தடவையிலேயே சித்தியெய்தினார். அவரை இத்தனை காலமும் தடுத்தது இங்குள்ள பத்திரங்கள் பற்றிய பயம். 1995 ஒக்ரோபர் 30 அன்று யுத்தத்தால் இடம்பெயர்ந்து வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு நாங்கள் நடந்தபோது, அம்மா பத்திரங்களை ஒரு துணிப்பையில் கட்டிக் கொண்டுவந்தார். நாவற்குழிப் பாலத்தைக் கடந்த பிறகு அந்தப் பை எங்கள் கைகளில் இருக்கவில்லை. மூன்று ஆண்டுகளின் பின் அக்கா சுவிஸ் எல்லையில் நின்றபோது, பெயர்களை வாயால் சொன்னார். கேட்ட அலுவலர் தமது காதுக்கு எட்டியவாறு எழுதிக்கொண்டார். அங்கே எழுதப்பட்ட அந்த எழுத்துக்கூட்டல்தான் அவருடைய பெர்மிட்டிலும், பிள்ளைகளின் பிறப்புப் பதிவிலும், வரிக் கடிதங்களிலும் இன்றுவரை தொடர்கிறது. பிரஜாவுரிமை என்று வந்ததும் குடிசார் பதிவு அலுவலகம் சொந்த நாட்டின் மூலப் பத்திரங்களைக் கேட்டது. ஆறு மாதங்களுக்குள் எடுக்கப்பட்டவையாக இருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது.

நான் முதலில் போன நிலையம் நகரின் மத்தியில், சன நடமாட்டம் மிகுந்த வீதியொன்றில் இருக்கிறது. வாசலில் பல நாடுகளின் கொடிகள் அச்சிட்ட பெரிய பலகை, உள்ளே குளிரூட்டி. வெளிநாட்டுக்குரிய எல்லாப் பத்திர வேலைகளையும் ஒரே இடத்தில் முடித்துத் தருவதாகச் சொன்னார்கள், முற்பணம் வாங்கினார்கள், அக்காவின் பெயர், பிறந்த திகதி, ஊர் ஆகிய மூன்றை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார்கள். ஊர் கொக்குவில் என்று சொன்னேன். அவர்கள் நல்லூர்ப் பிரதேச செயலகத்துக்கு ஆள் அனுப்பித் தேடுவித்தார்கள். மூன்று கிழமைகளின் பின் ‘பதிவு இல்லை’ என்ற பதில் வந்தது. யுத்தத்தில் பதிவேடு அழிந்திருக்கக்கூடும், ஆகவே காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அதற்கும் ஒரு தொகை சொன்னார்கள். அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது, அவர் ஒரு வார்த்தையில் அந்த முடிச்சை அவிழ்த்தார்: அக்கா பிறந்தது யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில். பிறப்பு நிகழ்ந்த இடம் எந்தப் பதிவுப் பிரிவுக்குள் வருகிறதோ அங்கேதான் அது பதியப்படும். தாய் தகப்பன் குடியிருந்த ஊர் அதற்குக் கணக்கில்லை. யாழ்ப்பாணத்தில் ஆவண வேலை செய்கின்ற எவரும் முதலாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி ‘எந்த ஊர்’ என்பதன்று, ‘எந்த ஆஸ்பத்திரியில் பிறந்தவர்’ என்பதே. அதைக் கேட்காதவர்களிடம் பணம் கொடுக்க வேண்டாம் என்று என் சொந்தக்காரர் எல்லோருக்கும் சொல்லி வருகிறேன். யாழ்ப்பாணப் பிரதேச செயலகத்தில் நானே போய் விண்ணப்பித்தேன். பதிவேடு பத்திரமாக இருந்தது. அத்தாட்சிப் பத்திரம் கிடைத்தது.

அதையும் விவாகப் பத்திரத்தையும் அதே நிலையத்தில் மொழிபெயர்க்கக் கொடுத்தது என் பிழை. முற்பணம் கொடுத்துவிட்டேனே என்ற எண்ணந்தான் காரணம். இரண்டு நாளில் வேலையை முடித்துத் தந்தார்கள். நல்ல கடதாசி, நேரான அச்சு, சிவப்பு முத்திரை எல்லாம் இருந்தன. பேர்னிலிருந்து ஏழாவது கிழமையில் திருப்பிக் கடிதம் வந்தது. அப்பாவின் பெயர் ‘ஞான’ என்று தொடங்கும். பிறப்புப் பத்திரத்தின் மொழிபெயர்ப்பில் அது ஜி, என் என்ற இரண்டு எழுத்துகளோடு தொடங்கியது, விவாகப் பத்திரத்தின் மொழிபெயர்ப்பில் என் என்ற ஒரே எழுத்தோடு தொடங்கியது, அக்காவின் பெர்மிட்டில் வேறொரு மூன்றாவது விதமாக இருந்தது. ஒரே நிலையத்தில் ஒரே கிழமையில் செய்யப்பட்ட இரண்டு மொழிபெயர்ப்புகளிலேயே ஒரு மனிதர் இருவராகிவிட்டார். அத்தோடு விவாகத் திகதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருந்தன. தமிழ் வாசிக்கத் தெரியாத ஓர் அலுவலருக்கு முன்னால் இருப்பது ஆங்கிலக் கடதாசி மட்டுமே. அந்தக் கடதாசியில் இருக்கும் அப்பா யார் என்று அவர் கேட்பது நியாயமான கேள்வி. நிலையத்தில் போய்ச் சொன்னபோது, திருத்தித் தருவதற்கு மீண்டும் ஒற்றைக்கு இவ்வளவு என்று கட்டணம் கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை. இதற்குள் முதலில் எடுத்த அத்தாட்சிப் பத்திரத்தின் ஆறு மாதத் தவணையும் முடியும் தறுவாய்க்கு வந்துவிட்டது.

இரண்டாவது நிலையத்தைப் பற்றி என்னோடு படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் சொன்னார். கண்டி வீதியில், கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) நடந்து போகக்கூடிய தூரத்தில், ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கிறது. இரண்டு மேசைகள், ஒரு கணினி, சுவரோரம் ஐந்து கதிரைகள், அவ்வளவுதான். மாவட்ட நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரான முதியவர் ஒருவர் நடத்துகிறார்; உதவிக்கு இளைஞர் ஒருவர் இருக்கிறார். நான் பத்திரங்களை நீட்டியபோது அவர் அவற்றை வாங்காமல், சுவிஸிலிருந்து வந்த கடிதத்தைத்தான் முதலில் கேட்டார். ஜேர்மன் மொழியில் இருந்த அந்தக் கடிதத்துக்கு அக்கா எழுதி அனுப்பியிருந்த தமிழ் விளக்கத்தை வாசித்தார். ஆங்கில மொழிபெயர்ப்பை ஏற்பார்களா, ஜேர்மன் மொழியில்தான் வேண்டுமா, மொழிபெயர்ப்பாளர் அந்நாட்டிலேயே இருக்க வேண்டுமா என்ற மூன்றையும் அக்கா மின்னஞ்சலில் கேட்டுப் பதில் எடுத்த பிறகு வருமாறு சொல்லி என்னை அனுப்பிவிட்டார். அன்று எனக்குச் சற்று மனவருத்தமாகவே இருந்தது. ஆனால் அலுவலகத்துக்கு அலுவலகம் இது வேறுபடும் என்பதையும், இங்கே பணம் கொடுத்துச் செய்த மொழிபெயர்ப்பு அங்கே பெறுமதியற்றுப் போனவர்கள் உண்டு என்பதையும் பின்னர் அறிந்தபோது, அந்த மனவருத்தம் மதிப்பாக மாறியது. அக்காவின் அலுவலகம் ஆங்கிலத்தை ஏற்பதாகப் பதில் எழுதியது.

அடுத்த முறை போனபோது அவர் செய்த வேலையை நான் இதுவரை எந்தக் கந்தோரிலும் கண்டதில்லை. அக்காவின் பிறப்புப் பத்திரம், விவாகப் பத்திரம், பெர்மிட்டின் பிரதி, பழைய கடவுச்சீட்டின் பிரதி, அம்மாவின் அடையாள அட்டை எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, கோடுபோட்ட தாளொன்றில் ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு பத்திரத்தில் எப்படி இருக்கிறது என்று கையால் எழுதி ஓர் அட்டவணை செய்தார். முக்கால் மணித்தியாலம் சென்றது. முடிவில் ஐந்து பெயர்களில் மூன்று பெயர்கள் பத்திரத்துக்குப் பத்திரம் வேறுபட்டன. பின்னர் அவர் எனக்கு ஒரு வேறுபாட்டை விளக்கினார். இந்த மதிப்பீட்டில் வாசகர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் அது இதுவாக இருக்கட்டும். தமிழில் ஒரே சொல்லாக இருந்து ஆங்கில எழுத்துக்கூட்டலில் மட்டும் வேறுபடுகிற பெயரை, கடவுச்சீட்டிலோ பெர்மிட்டிலோ உள்ளபடி எழுதுவது மொழிபெயர்ப்பாளரின் உரிமைக்கு உட்பட்டது. தமிழ்ச் சொல்லே வேறாக இருந்தால் அதில் ஓர் எழுத்தைக்கூட அவர் மாற்ற முடியாது. அப்பாவின் ‘ஞான’ முதல் வகை. பெர்மிட்டில் உள்ள எழுத்துக்கூட்டலை எல்லா மொழிபெயர்ப்புகளிலும் ஒரே சீராக எழுதினார். அத்தோடு அந்தச் சிக்கல் தீர்ந்தது.

அம்மாவின் பெயர் இரண்டாவது வகை. அக்காவின் பிறப்புப் பதிவில் அம்மாவின் பெயர் வீட்டில் கூப்பிடும் குறுகிய வடிவத்தில் இருந்தது. அடையாள அட்டையிலும் மற்றப் பத்திரங்களிலும் முழுப்பெயர் இருந்தது. ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டபோது பேத்தியார் வாயில் வந்ததைச் சொல்லியிருப்பார் என்று அம்மா நினைக்கிறார். மொழிபெயர்ப்பில் முழுப்பெயரையே எழுதிவிடக் கூடாதா என்று நான் கேட்டேன். முதல் நிலையத்தில் அப்படிச் செய்து தருவதாக ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். பெரியவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “பிள்ளை, நான் அப்பிடி எழுதினா அது மொழிபெயர்ப்பில்லை, பொய். நாளைக்கு தூதரகத்தில தமிழ் தெரிஞ்ச ஒராள் ரெண்டையும் பக்கத்தில வைச்சுப் பாத்தா, உங்கட அக்காவின்ர 27 வருசமும் அந்த ஒரு சொல்லோட போயிடும்” என்றார். கொழும்பிலுள்ள சுவிஸ் தூதரகத்தின் வழியாகப் பத்திரங்களைச் சரிபார்க்கும் வழக்கம் உண்டு என்பதால் இது வெறும் பயமுறுத்தல் அன்று. பதிவேட்டைத் திருத்துவிக்கப் பிரகடனம் கொடுத்துக் காத்திருப்பது ஒரு வழி. இரண்டு பெயரும் ஒருவருக்கே உரியவை என்று அம்மா சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடிப்பது மற்ற வழி. எது ஏற்கப்படும் என்பதை அக்காவின் அலுவலகத்திடமே மறுபடியும் கேட்கச் சொன்னார். அவர்கள் சத்தியக்கடதாசியோடு அம்மாவின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் கேட்டார்கள். அம்மாவின் பதிவைத் தேடி எடுக்க மேலும் மூன்று கிழமைகள் சென்றன. ஆயினும் அந்த மூன்று கிழமைகளில் எனக்கு மனக்கலக்கம் இருக்கவில்லை.

உறுதிப்படுத்தும் வேலை எதிர்பார்த்ததைவிட இலகுவாக முடிந்தது. முன்னர் இதற்காகக் கொழும்புக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. 2018 முதல் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலேயே வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் பிராந்தியக் கொன்சியூலர் அலுவலகம் இயங்குகிறது. நிலையத்தின் இளைஞர் பத்திரங்களை எந்த ஒழுங்கில் கொண்டுபோக வேண்டும் என்று அடுக்கித் தந்தார். நானே போய் முடித்தேன். இதற்கும் ஆள் அனுப்பிக் கட்டணம் அறவிட்டிருக்கலாம். உங்களால் முடிந்ததற்கு எங்களுக்கு ஏன் காசு என்று பெரியவர் மறுத்துவிட்டார்.

நிலையத்தின் மிகப் பெரிய நன்மை என்று நான் கருதுவது, நாங்கள் கேட்காத ஒரு கேள்வியை அவர் கேட்டதுதான். அக்கா சுவிஸ் பிரஜையானதும் இலங்கைப் பிரஜாவுரிமை என்னவாகும் என்று யோசித்தீர்களா என்றார். சுவிற்சர்லாந்து 1992 முதல் இரட்டைப் பிரஜாவுரிமையை அனுமதிக்கிறது என்பதால், அக்கா இரண்டையும் வைத்திருக்கலாம் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். அந்தப் பக்கத்துக்கு அது சரி. இலங்கையின் 1948 ஆம் ஆண்டு 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படியோ, இன்னொரு நாட்டின் பிரஜாவுரிமையைத் தாமாக விரும்பிப் பெறுகிறவர் இலங்கைப் பிரஜையாக இருப்பது தானாகவே முடிவுக்கு வந்துவிடும். அதற்கு ஒரு கடிதமும் வராது. 1987 இன் திருத்தத்தின் பின் இதற்கு இரண்டு வாசல்கள் இருக்கின்றன. வெளிநாட்டுப் பிரஜாவுரிமை கிடைப்பதற்கு முன்பே, இலங்கைப் பிரஜாவுரிமையை வைத்திருக்க அனுமதி கோரி 19 ஆம் பிரிவின் 3 ஆம் உட்பிரிவின் கீழ் விண்ணப்பிக்கலாம். இழந்த பிறகு மீளப் பெறுவதானால் அதே பிரிவின் 2 ஆம் உட்பிரிவு. இரண்டும் பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் வேலை. 55 வயதைக் கடந்தவர், தொழில் அல்லது கல்வித் தகைமை உள்ளவர், இலங்கையில் அசையாச் சொத்து உள்ளவர் எனத் தகுதி வகைகள் இருக்கின்றன.

எங்கள் குடும்பத்துக்கு இது காணியோடு சம்பந்தப்பட்ட விடயம். கொக்குவிலில் உள்ள வீட்டு வளவில் ஒரு பகுதி அக்காவுக்குச் சீதனமாக எழுதப்பட்டது. மீதியையும் அவருக்கே எழுத அம்மா நினைத்திருக்கிறார். காணியை வெளிநாட்டவர் பெயருக்கு மாற்றுவதை 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. இரட்டைப் பிரஜாவுரிமை உடையவர்களுக்கு அந்தத் தடையிலிருந்து விலக்கு உண்டு. தான் பிறந்த வளவில் தானே வெளிநாட்டவராகி நிற்கும் நிலை அக்காவுக்கு வரக்கூடாது என்று அம்மா அன்றிரவு சொன்னார். வெளிநாட்டுப் பிரஜாவுரிமை பெற்றுப் பல ஆண்டுகளின் பின், உறுதி எழுதப் போன இடத்தில் நொத்தாரிசு கேட்டபோதுதான் இதை அறிந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். பத்திரம் மொழிபெயர்க்கக் கொடுத்த இடத்தில் இந்த எச்சரிக்கை கிடைத்ததற்கு நான் நன்றியுடையவளாக இருக்கிறேன். சட்டத்தரணி ஒருவரிடம் போய் எழுத்தில் ஆலோசனை பெறுங்கள், நான் சட்டத்தரணி அல்லன் என்று அவர் கூடவே சொன்னதும் எனக்குப் பிடித்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். தொலைபேசி அழைப்புக்குப் பதில் கிடைப்பது அரிது. வட்ஸ்அப் செய்திக்கு இரண்டு மூன்று நாள்களின் பின் ஒற்றைச் சொல்லில் பதில் வரும். வெளிநாட்டில் இருப்பவர்கள் நேர வித்தியாசத்தோடு காத்திருக்கும்போது இது பெரிய மன உளைச்சல்; அக்கா இரண்டு இரவுகள் நித்திரையில்லாமல் இருந்ததற்கு இந்த மௌனமே காரணம். கேட்டாலன்றிப் பற்றுச்சீட்டுத் தருவதில்லை. மேல்மாடிக்கு ஏறும் படிகள் செங்குத்தானவை, கைபிடி இல்லை. சத்தியக்கடதாசிக்காக எழுபத்தாறு வயதான அம்மாவை நானும் அந்த இளைஞருமாகத் தாங்கித்தான் ஏற்றினோம். கீழே ஒரு கதிரையும் மேசையும் போட்டு முதியவர்களின் வேலையை அங்கேயே முடிக்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதுவரை அது நடக்கவில்லை.

இவற்றைவிடக் கனமான குறை ஒன்று இருக்கிறது. உதவியாளரான இளைஞர், பெரியவர் இல்லாத நேரத்தில், சுவிஸ் பிரஜாவுரிமைக்கு 12 ஆண்டுகள் வேண்டும் என்று வந்தவர் ஒருவருக்கு உறுதியாகச் சொன்னதை நான் கேட்டேன். அது 2018 க்கு முந்திய சட்டம். அந்தப் பழைய சட்டத்தில் இரட்டிப்பாகக் கணக்கிடும் வயதும் 10 முதல் 20 வரை என்று இருந்தது. ஜேர்மனியைப் பற்றிக் கேட்ட இன்னொருவருக்கு 8 ஆண்டுகள் என்றார். 2024 ஜூன் 27 முதல் அங்கே 5 ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டுவிட்டது, பழைய பிரஜாவுரிமையைக் கைவிட வேண்டும் என்ற நிபந்தனையும் பொதுவாக நீங்கிவிட்டது. அந்த இளைஞர் தீய நோக்கத்தோடு சொல்லவில்லை. மேசைக் கண்ணாடியின் கீழ் வைத்திருந்த பழைய தாளைப் பார்த்துச் சொன்னார். ஆனால் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய், இன்னும் மூன்று ஆண்டுகள் பொறுக்கச் சொல்லி மகளுக்கு எழுதும் தாயை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆவண நிலையம் பத்திரங்களைப் பற்றிச் சொல்வதை நம்புங்கள்; ஆண்டுக் கணக்கையும் தகுதியையும் அந்தந்த நாட்டின் அதிகாரபூர்வ இணையத்தளத்திலோ அலுவலகத்திலோதான் கேட்க வேண்டும். பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் அந்தத் தாளை எடுத்துக் கிழித்துப் போட்டார்.

கதிரைகளில் காத்திருந்த நாள்களில் வேறு நாடுகளுக்காக வந்தவர்களோடு பேசினேன். கனடாவுக்கும் பிரித்தானியாவுக்கும் செய்பவர்களின் கவலை எங்களுடையதிலிருந்து வேறானது. அங்கே நிரந்தர வதிவிடம் பெறும்போதே பிறப்புப் பத்திரங்களின் சோதனை பெரும்பாலும் முடிந்துவிடும். பிரஜாவுரிமைக்கட்டத்தில் எண்ணப்படுவது நாள்கள். கனடா, விண்ணப்பத்துக்கு முந்திய 5 ஆண்டுகளில் 1,095 நாள்கள் அந்த மண்ணில் இருந்திருக்க வேண்டும் என்கிறது. பிரித்தானியாவில் 5 ஆண்டு வதிவிடத்தின் அடிப்படையில் விண்ணப்பிப்பவர் அந்தக் காலத்தில் 450 நாள்களுக்கு மேலும், கடைசி 12 மாதங்களில் 90 நாள்களுக்கு மேலும் வெளியே நின்றிருக்கக் கூடாது என்பது பொது விதி. நல்லூர்த் திருவிழாவுக்கென்று வந்து, பின்னர் தாயின் சுகவீனத்தாலோ காணி வழக்காலோ மாதக்கணக்கில் நின்றுவிடுபவர்களுக்கு இந்த எண்கள் கடுமையானவை. சுவிஸ் சட்டத்திலும் 6 மாதங்களுக்கு மேல் வெளியே தங்கினால் வதிவிடம் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும். இத்தகையவர்களுக்கு இந்த நிலையத்தால் ஆகக்கூடியது அதிகமில்லை. கடவுச்சீட்டின் முத்திரைகளைத் திகதி வாரியாக எழுதித் தருவதோடு அவர்களின் வேலை முடிந்துவிடுகிறது.

கட்டணம் ஒற்றைக்கு 1,500 ரூபா. முதல் நிலையத்தில் 1,200 ரூபா. பெயர் அட்டவணைக்குத் தனியாக எதுவும் அறவிடவில்லை. கூரியர் செலவை மட்டும் முன்கூட்டிச் சொல்லாமல் கடைசி நாளில் சேர்த்தார்கள். தொகை நியாயமானதே, ஆனால் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். முதல் நிலையத்தில் இரண்டு நாளில் முடிந்த மொழிபெயர்ப்புக்கு இங்கே ஒன்பது நாள்கள் சென்றன. அவசரமாக வேண்டுபவர்கள் இங்கே போக வேண்டாம். நிலையத்தாரை அவசரப்படுத்தவும் முடியாது. பத்துக்கு மதிப்பிடச் சொன்னால் மொழிபெயர்ப்புக்கும் நேர்மைக்கும் ஒன்பது கொடுப்பேன், தொடர்புகொள்ளும் முறைக்கு மூன்று.

அங்கே போகிறவர்கள் கையோடு கொண்டுபோக வேண்டியவை சில. வெளிநாட்டு அலுவலகத்தின் கடிதத்தை முழுமையாகக் கொண்டுபோங்கள். அதன் சாரத்தைத் தொலைபேசியில் கேட்டு எழுதியது போதாது. உறவினரின் வதிவிட அட்டையின் இரண்டு பக்கப் பிரதியும், கடவுச்சீட்டில் பெயருள்ள பக்கமும் வேண்டும். பிறந்த ஆஸ்பத்திரியை வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தாய் தகப்பனுக்கு வீட்டுப் பெயர், பதிவுப் பெயர் என இரண்டு இருந்தால் அதை மறைக்காமல் முதல் நாளிலேயே சொல்லிவிடுங்கள். காலை பத்து மணிக்கு முன் போனால் பெரியவரையே சந்திக்கலாம்.

அக்காவின் பத்திரங்களைப் பேர்னிலுள்ள பதிவு அலுவலகம் ஏற்றுக்கொண்டு, அவருடைய விபரங்களைப் பதிவில் சேர்த்துவிட்டதாகச் சென்ற மாதம் கடிதம் வந்தது. பிரஜாவுரிமை விண்ணப்பம் இப்போது ஊராட்சியில் இருக்கிறது. மாநிலமும் கூட்டாட்சியும் இனிமேல்தான். அதற்கிடையில் 19 ஆம் பிரிவின் கீழான விண்ணப்பத்துக்காகச் சீதன உறுதியின் பிரதியையும் அப்பாவின் இறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் கடந்த செவ்வாய்க்கிழமை அதே மேல்மாடிக்குக் கொண்டுபோனேன். பெரியவர் கோடுபோட்ட புதிய தாள் ஒன்றை எடுத்து, முதல் வரியில் அப்பாவின் பெயரை எழுதினார்.